நகர இசைவாணரின் பயிற்சி இடங்கள்

1. முன்னுரை

இசை நிகழும் இடம் என்றவுடன் அரங்கமே நினைவிற்கு வருகிறது. அரங்கத்தைப் பற்றி நூல்களும் விரிவாகப் பேசுகின்றன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலரங்கின் அளவு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என வரையறுக்கிறது; அக்கோலின் அளவு இருபத்துநான்கு விரல் என்பதையும் சொல்கிறது. மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறியதையும், அவளைப் பயிற்றிய ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளையும் அக்காதை தனித்தனியே விளக்குகிறது. ஆயின் அந்த ஏழாண்டுப் பயிற்சி எவ்விடத்தில் நடைபெற்றது, அவ்விடம் எத்தகையது என்பன பற்றி அது ஒன்றும் கூறவில்லை. நாட்டிய சாத்திரமும் ஆடலரங்கின் அமைப்பிற்கு ஓர் இயலையே ஒதுக்கியுள்ளது. பயிற்சியிடத்திற்கு அத்தகைய இலக்கணம் வகுக்கப்படவில்லை.

இம்மௌனம் இன்றளவும் தொடர்கிறது. ஓர் இசைவாணர் மேடையில் இருக்கும் நேரம் மிகச் சிறிது. பயிற்சியில் கழிக்கும் நேரமே பெரிது. எனினும் இந்திய நகரங்களின் இசை வரலாறு பெரும்பாலும் அரங்குகள், சபைகள், மாநாடுகள், இசைத்தட்டுகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இசைவாணர் நாள்தோறும் பயின்ற அறை, மாடி, கோயில் வாயில், கடைமுன்றில் ஆகியவை அதனுள் இடம் பெறுவது அரிது. அவ்விடங்கள் எவை, அவற்றைக் குறிக்கும் சொற்கள் எத்தகைய பொருளைத் தாங்கி நிற்கின்றன, அவ்விடங்களின் இயல்பு இசைக் கல்வியை எவ்வாறு வடிவமைத்தது, இன்று அவற்றிற்கு நேர்ந்துவரும் மாற்றம் யாது என்பவற்றை வாராணசி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களின் சான்றுகளைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பயிற்சியைக் குறிக்கும் சொற்கள்

இந்திய மொழிகளில் இசைப் பயிற்சியைக் குறிக்கப் பல சொற்கள் வழங்குகின்றன. அவை ஒரே பொருளன அல்ல. தமிழில் ‘சாதகம்’ என்பது தனியொருவர் தம் குரலையோ கருவியையோ பழக்குவதைக் குறிக்கும். அகார சாதகம், விடியற்காலைச் சாதகம் என்னும் வழக்குகள் இதனைக் காட்டும். இச்சொல் ‘சாதித்தல்’ என்பதோடு உறவுடையது. முயன்று முடித்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். ‘அப்பியாசம்’ என்பது மீண்டும் மீண்டும் செய்தல் என்னும் பொருளை முதன்மைப்படுத்துகிறது. ‘ஒத்திகை’ என்பதோ பலர் கூடிச் செய்வது. ஒருவர் செய்வது மற்றவர் செய்வதோடு ஒத்து அமைகிறதா என்று பார்ப்பது என்னும் கருத்தை அச்சொல் நினைவூட்டுகிறது. எனவே சாதகத்திற்குத் தனிமை வேண்டும். ஒத்திகைக்குக் கூட்டம் வேண்டும். இவ்விரண்டிற்கும் உரிய இடங்களும் வேறுபடுவது இயல்பே.

வட இந்தியாவில் பெருவழக்காக உள்ள ‘ரியாஸ்’ என்னும் சொல் அரபு மொழி வழி வந்தது. பழக்கப்படாத குதிரையைப் பழக்குதல், உடலையும் உள்ளத்தையும் ஒழுங்கிற்கு உட்படுத்துதல் ஆகிய பொருள்கள் அதன் மூலத்தில் உள்ளன. தற்கால அரபு மொழியில் அதே அடியிலிருந்து பிறந்த சொல் விளையாட்டைக் குறிக்கிறது. ‘தாலீம்’ என்னும் மற்றோர் அரபுச் சொல் கற்பித்தலைக் குறிக்கும். மராத்தியில் அதே சொல் நாடக ஒத்திகைக்கும், மல்லர்கள் உடற்பயிற்சி செய்யும் கூடத்திற்கும் பெயராக வழங்குகிறது. இந்துஸ்தானி மொழியின் ‘அகாடா’ என்பதும் இத்தகையதே. மற்போர்க் களத்தைக் குறிக்கும் அச்சொல், வாராணசிப் பகுதியில் பிரஹா எனப்படும் நாட்டார் பாடல் வகையினரின் குழு மரபுகளையும் குறிக்கிறது. அமர்தலைக் குறிக்கும் ‘பைட்டக்’ என்னும் சொல் வீட்டின் முன்னறைக்கும், அங்கு நடைபெறும் இசைக்கூட்டத்திற்கும், மல்லர்கள் உட்கார்ந்து எழும் உடற்பயிற்சிக்கும் பொதுவாக நிற்கிறது.

தமிழிலும் இதற்கு ஒப்புமை உண்டு. ‘சிலம்பக்கூடம்’ என்பது படைக்கலப் பயிற்சி நடைபெறும் இடத்திற்கு மட்டுமன்றி, நட்டுவனார் மரபில் ஆடற்பயிற்சி நடைபெறும் இடத்திற்கும் பெயராயிற்று. ‘கழகம்’ என்னும் சொல் திருக்குறளின் சூது அதிகாரத்தில் சூதாடும் இடத்தையும், கம்பராமாயணத்தில் கலை பயிலும் இடத்தையும் சுட்டுகிறது. ‘அகாடா’ என்பதன் மூலமாகக் கருதப்படும் ‘அட்சவாடம்’ என்னும் வடசொல்லிற்கும் சூதாடுகளம், மற்களம் ஆகிய இரு பொருளும் உண்டு என்பது ஒப்பிடத்தக்கது.

இச்சொற்களைத் தொகுத்து நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகிறது. இசைப் பயிற்சிக்கு மட்டுமே உரிய இடப்பெயர் இவற்றுள் அரிதாகவே உள்ளது. உடற்பயிற்சிக் கூடம், வீட்டின் முன்னறை, ஆடுகளம் ஆகியவற்றின் பெயர்களையே இசை தனதாக்கிக் கொண்டது. பெயரைப் போலவே இடத்தையும் அது பிறவற்றிடமிருந்து பெற்றுக்கொண்டது என்பதை அடுத்து வரும் சான்றுகள் காட்டும்.

3. வீடும் மாடியும்

இந்துஸ்தானி இசையின் பாணி மரபுகளுக்குக் ‘கராணா’ என்று பெயர். ‘கர்’ என்றால் வீடு. ஒரு பாணியைச் சுட்டும் சொல்லே வீட்டின் பெயராக இருப்பது, அக்கல்வி எங்கு நடைபெற்றது என்பதற்கு மொழி தரும் சான்றாகும். குவாலியர், ஆக்ரா, ஜெய்ப்பூர் என ஊர்ப்பெயர்களை ஏற்ற கராணாக்கள் பல. மும்பையில் வளர்ந்த ஒரு கராணாவிற்கு ஒரு கடைத்தெருவின் பெயரே அமைந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வட இந்தியாவின் மொராதாபாத் வட்டாரத்திலிருந்து மும்பையில் குடியேறிய சஜ்ஜூ கான், நசீர் கான், காதிம் ஹுசேன் கான் ஆகிய உடன்பிறந்தார் மூவர் பேண்டி பஜார் அருகே வாழ்ந்தனர். அவர்களது பாணி பேண்டி பஜார் கராணா எனப்பட்டது. பேரரங்கின் பெயரோ புரவலரின் பெயரோ அன்றி, வாழ்ந்து பயின்ற தெருவின் பெயரே இசைக்கு நிலைத்த பெயராயிற்று.

வீட்டினுள் பயிற்சி என்பது ஒருபுறம் காப்பும் மறுபுறம் மறைப்பும் ஆகும். கராணா மரபினர் தம் அரிய பாடல்களைப் பிறர் செவிப்படாமல் காத்தனர். பயிற்சியின் உச்சநிலையாகச் ‘சில்லா’ என்னும் வழக்கமும் இருந்தது. பாரசீக மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த இது, நாற்பது நாள் ஓர் அறையில் தனித்திருந்து பயில்வதைக் குறிக்கும்; சூஃபித் துறவியரின் நோன்பு முறையை ஒட்டியது. தில்லி இசைவாணரிடையே களப்பணி செய்த டேனியல் நியூமன், 1980இல் வெளியிட்ட ஆய்வில், இசைவாணர்கள் ஒருவரையொருவர் மதிப்பிடுவதில் ரியாஸ் பெறும் இடத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

பெண் கலைஞரின் பயிற்சியிடம் வேறு வகையினது. வாராணசி, லக்னோ, கொல்கத்தா முதலிய நகரங்களில் பாடகியரின் ‘கோட்டா’ எனப்பட்ட மாடி வீடுகள் கடைத்தெருக்களின் மேல்தளத்தில் அமைந்திருந்தன. வாழ்விடமும் பயிற்சியிடமும் நிகழ்த்துமிடமும் அங்கே ஒன்றாயின. பகலில் ஆசிரியர் வந்து கற்பித்த அதே கூடத்தில் மாலையில் அவை கூடியது. இவ்வீடுகளின் சன்னல்கள் தெருவை நோக்கித் திறந்திருந்தன என்பது சிறிய செய்தி போலத் தோன்றினும், அதன் விளைவு பெரிது என்பதை வாராணசிச் சான்று உணர்த்தும்.

4. வாராணசி: கோயிலும் செல்லும் வழியும்

ஷெனாய்க் கலைஞர் பிஸ்மில்லா கான் (1916–2006) பீகாரின் தும்ராவ் என்னும் ஊரில் பிறந்து, இளமையிலேயே வாராணசியில் தம் தாய்மாமனிடம் கற்க வந்தவர். தாய்மாமன் அலி பக்ஷ் விசுவநாதர் கோயிலோடு தொடர்புடைய ஷெனாய்க் கலைஞர். சிறுவன் பயில்வதற்கென ஒதுக்கப்பட்ட இடம் கங்கைக் கரையிலுள்ள பழைய பாலாஜி கோயில். கோயில் வாயிலை ஒட்டி ஷெனாயும் முரசும் ஒலிப்பதற்குரிய இடம் ‘நௌபத்கானா’ எனப்படும். தொழுகை தவறாத ஒரு முஸ்லிம் சிறுவன் இந்துக் கோயிலின் வாயிலில் நாள்தோறும் பயின்றான் என்பது பலராலும் எடுத்துரைக்கப்படும் செய்தி. பயிற்சியிடம் என்னும் நோக்கில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஷெனாய் திறந்த வெளிக்கு உரிய உரத்த கருவி. நெருக்கமான சந்துகளில் அமைந்த சிறுவீட்டில் ஒருவர் அதனை மணிக்கணக்கில் ஊதுவது இயலாது. ஒருபுறம் அகன்ற ஆறும் மறுபுறம் கற்சுவரும் கொண்ட கோயில், வீடு தர இயலாத வெளியை அவருக்குத் தந்தது.

அக்கோயிலுக்குச் செல்ல வழிகள் பல இருந்தன. அவற்றுள் ஒன்று ரசூலன் பாய், பதூலன் பாய் என்னும் பாடகியர் இருவரின் வீட்டருகே சென்றது. அவர்கள் பாடிய தும்ரி, டப்பா முதலியவற்றைக் கேட்டவாறு அவ்வழியே செல்வதைச் சிறுவன் விரும்பினான். தம் இசை ஆர்வத்திற்கு அவ்விருவர் குரலே தொடக்கம் என்று பிற்காலத்தில் நேர்காணல்களில் அவர் குறிப்பிட்டுள்ளார். அவர் குடும்ப ஆசிரியரிடம் கற்றது ஷெனாய். தெருவில் நடந்து கற்றது தும்ரியின் குழைவு. வீட்டினுள் பாடியவர்கள் அவருக்குக் கற்பிக்க எண்ணியவர்கள் அல்லர். சன்னல் வழியே கசிந்த பயிற்சியின் ஒலியே ஆசிரியராயிற்று.

வாராணசியின் கபீர் சௌரா என்னும் பகுதி இதே இயல்பை ஒரு குடியிருப்பின் அளவில் காட்டுகிறது. கபீர் மடத்தால் பெயர் பெற்ற இப்பகுதி தபலா, வாய்ப்பாட்டு, கதக் ஆகியவற்றில் சிறந்த குடும்பங்கள் பலவற்றின் இருப்பிடம். கண்டே மகராஜ், அவருடைய உடன்பிறந்தார் மகனும் மாணவருமான கிஷன் மகராஜ் (1923–2008) ஆகிய தபலாக் கலைஞர்கள் இங்கு வாழ்ந்தோர். அடுத்தடுத்த வீடுகளில் இசைவாணர் வாழும் சந்தில் பயிற்சி முற்றிலும் மறைவாக இருத்தல் இயலாது. ஒருவர் எத்தனை நாழிகை பயின்றார், எந்தத் தாளத்தில் தடுமாறினார் என்பதை அடுத்த வீடு அறியும். அந்த அறிவே ஒழுங்கிற்குக் காவலாயிற்று.

5. மும்பை: சாள் அறையும் இசைப்பள்ளியும்

மும்பையின் நெருக்கம் வேறு வகையினது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தொழிலாளருக்கும் நடுத்தர வகுப்பினருக்குமாக எழுந்த ‘சாள்’ என்னும் குடியிருப்புகளில், ஒரு குடும்பத்திற்குப் பெரும்பாலும் ஓரிரு அறைகளே இருந்தன. பல குடும்பங்களுக்கும் பொதுவான நீண்ட தாழ்வாரத்தில் அறைகளின் கதவுகள் வரிசையாகத் திறந்தன. இத்தகைய குடியிருப்புகள் நிறைந்த கிர்காவ் பகுதியிலேயே இசை வகுப்புகளும் கலைஞர் இல்லங்களும் கேட்போர் கூட்டங்களும் செறிந்திருந்தன. அப்பகுதியின் கேசவ்ஜி நாயக் சாளில் 1893 முதல் பொது விநாயகர் விழா நடைபெற்று வருகிறது. இவ்வகை விழாக்களின் இசை நிகழ்ச்சிகள் குடியிருப்பின் முற்றத்தையே அரங்காக்கின.

ஜெய்ப்பூர் மரபின் அல்லாதியா கான் (1855–1946) தம் வாழ்வின் பிற்பகுதியை மும்பையில் கழித்தார். கேசர்பாய் கேர்க்கர் (1892–1977), மோகுபாய் குர்டிகர் (1904–2001) ஆகிய கோவாப் பாடகியர் அவரிடம் பயின்றோருள் தலைசிறந்தவர்கள். மோகுபாய் அவருக்கு மாணவியானது பற்றி வாழ்க்கை வரலாறுகள் கூறும் செய்தி இங்கே கருதத்தக்கது. சாங்கலி நகரில் மோகுபாய் தனியே பயின்றுகொண்டிருந்த காலத்தில், மருத்துவத்தின் பொருட்டு அங்கு வந்திருந்த அல்லாதியா கான் அத்தெரு வழியே செல்லும்போது அப்பயிற்சியைக் கேட்டார். பின் தாமே வந்து கற்பிக்க முன்வந்தார். வாராணசியில் கேட்டவர் சிறுவன். பாடியவர் தேர்ந்த கலைஞர். சாங்கலியில் பாடியவர் மாணவி, கேட்டவர் பேராசான். திசை மாறினும் நிகழ்ந்தது ஒன்றே. சுவர் தடுக்காத ஒலி, குடும்ப உறவோ அறிமுகமோ இல்லாத இருவரை ஆசிரியரும் மாணவருமாக இணைத்தது.

வீட்டிற்கு வெளியே பொதுவான பயிற்சியிடம் ஒன்றை உருவாக்கும் முயற்சியும் மும்பையில் நிகழ்ந்தது. விஷ்ணு திகம்பர் பலூஸ்கர் (1872–1931) 1901இல் லாகூரில் காந்தர்வ மகாவித்தியாலயத்தை நிறுவி, 1908இல் மும்பையில் அதன் கிளையைத் தொடங்கினார். கட்டணம், பாடத்திட்டம், வகுப்பறை ஆகியவற்றைக் கொண்ட அப்பள்ளியில், பிறப்பால் இசைக்குடியினர் அல்லாதாரும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்களும் இசை பயில முடிந்தது. அதற்கெனக் கட்டப்பட்ட சொந்தக் கட்டடம் கடனில் சிக்கி, 1920களின் நடுவில் ஏலம் போயிற்று. பலூஸ்கரின் மாணவரான பி. ஆர். தேவதர் 1925இல் தொடங்கிய இசைப்பள்ளி ஆப்பெரா ஹவுஸ் பகுதியில் இயங்கியது. 1930களில் சிறுவனாக வந்து சேர்ந்த குமார் கந்தர்வர் (1924–1992) அங்கே தம் ஆசிரியரிடம் மட்டுமன்றி, அப்பள்ளிக்கு வந்து சென்ற பல மரபுக் கலைஞர்களின் பாட்டையும் கேட்டு வளர்ந்தார். கராணா என்னும் வீட்டின் எல்லையைக் கடந்து பல பாணிகளையும் கேட்கும் வாய்ப்பை இத்தகைய இடங்களே அளித்தன.

இதனோடு லக்னோவின் சான்றையும் சேர்த்து எண்ணலாம். அங்கு 1926இல் தொடங்கிப் பின்னர் பாத்கண்டேயின் பெயரைப் பெற்ற இசைக் கல்லூரி, கைசர்பாகிலுள்ள பரீகானா என்னும் கட்டடத்தில் அமைந்தது. 1856இல் ஆட்சி இழந்த அவத் மன்னர் வாஜித் அலி ஷாவின் காலத்தில் பெண்கள் ஆடலும் பாடலும் பயின்ற இடம் அது. அரசரின் பயிற்சிக்கூடம் மக்களின் பயிற்சிக்கூடமாக மாறிய அரிய நிகழ்வு இதுவாகும்.

6. கொல்கத்தா: கடைமுன்றில்

சாதகத்திற்கு வீடும் கோயிலும் இடம் தந்தன. பலர் கூடிச் செய்யும் ஒத்திகைக்கு நகரம் தந்த இடத்தைக் கொல்கத்தாவில் காணலாம். முன்னர் ஹாரிசன் சாலை எனப்பட்ட மகாத்மா காந்தி சாலையில், திருமண ஊர்வலங்களுக்கு வாசிக்கும் பேண்டு வாத்தியக் குழுக்களின் கடைகள் வரிசையாக உள்ளன. தெருவை நோக்கித் திறந்த இச்சிறு அறைகளில் குழுவின் சீருடைகளும் பித்தளைக் கருவிகளும் வைக்கப்பட்டிருக்கும். வாடிக்கையாளரோடு விலை பேசுவதும், கருவியைத் துடைப்பதும், புதுப்பாடலைப் பழகுவதும் அங்கேயே நடைபெறும். இக்கலைஞருள் பலர் பீகார், உத்தரப் பிரதேசச் சிற்றூர்களிலிருந்து திருமணப் பருவத்தில் மட்டும் நகருக்கு வருவோர். இந்தியா முழுவதுமுள்ள இத்தகைய குழுக்களை ஆராய்ந்து கிரெகரி பூத் 2005இல் வெளியிட்ட நூல், இவர்களது தொழில் வாழ்வை விரிவாகப் பதிவு செய்கிறது.

நகரில் சொந்த வீடு இல்லாத இக்கலைஞர்க்குக் கடையே வாழிடமும் பள்ளியும் ஆகும். இளையவர் மூத்தவரின் அருகில் நின்று, கேட்டு, வாசித்துக் கற்கிறார். உரத்த பித்தளைக் கருவிகளை நகரின் நடுவே பழக இயல்வதற்குக் காரணம், போக்குவரத்து இரைச்சல் மிகுந்த வணிகத் தெரு அது என்பதே. இரைச்சல் இங்கே இசைக்குப் பகையாகாமல் அதனைப் பொறுத்துக்கொள்ளும் போர்வையாகிறது.

இதே நகரின் சித்பூர் பகுதி ஜாத்ரா நாடகக் குழுக்களின் நடுவிடம். தேர்த்திருநாளை ஒட்டிப் புதிய நாடகங்களுக்கான முன்பதிவு தொடங்கும்; துர்க்கை பூசைக்குப் பின் குழுக்கள் ஊர் ஊராகச் செல்லும். இடைப்பட்ட மழைக்காலத்தில் ‘மஹடா’ எனப்படும் ஒத்திகை நடைபெறும். வேளாண்மையைப் போலவே ஒத்திகைக்கும் பருவம் உண்டு என்பதை இது காட்டுகிறது.

7. அயலார் செவியும் இசைவும்

மேற்கண்ட இடங்கள் யாவும் ஒரு பண்பில் ஒன்றுபடுகின்றன. அவை இசைக்கெனக் கட்டப்பட்டவை அல்ல. பிற பயன்களுக்கு உரிய இடங்களில் இசை சிறிது நேரம் குடிகொண்டது. அவ்வாறு குடிகொள்ள வேண்டுமாயின் சுற்றியுள்ளோர் இசைய வேண்டும். அவ்விசைவு எழுதப்பட்ட ஒப்பந்தம் அன்று, வழக்கத்தால் அமைந்தது. விடியற்காலைச் சாதகம் நகரெங்கும் ஏற்கப்பட்டமைக்கு, அவ்வேளையில் குரல் தூய்மையாக அமையும் என்னும் நம்பிக்கை மட்டுமன்றி, அது வழிபாட்டிற்குரிய வேளை, எழுந்திருக்கத் தக்க வேளை என்னும் பொதுக் கருத்தும் காரணமாகலாம்.

பயில்பவர்க்கு இரு தேவைகள் உள்ளன. முதலாவது, பிழை செய்யும் உரிமை. நூறு முறை தவறிய பின்னரே ஒரு பிர்கா அமைகிறது. அத்தவறுகளை அவை கேட்டல் ஆகாது. இரண்டாவது, கேட்கும் செவி. எவரும் கேளாத பயிற்சியில் தவறு தவறென்றே தெரியாமல் நிலைத்துவிடும். பழைய பயிற்சியிடங்கள் இவ்விரண்டையும் ஒருங்கே அளித்தன. கதவு சாத்தியிருந்தது, சன்னல் திறந்திருந்தது.

சென்னையில் வீணை தனம்மாளின் (1867–1938) இல்லம் இச்சமநிலையின் சிறந்த சான்று. ஜார்ஜ் டவுனில் இருந்த அவ்வில்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீணை வாசிப்பார். கேட்க வருவோர் ஓசையின்றி அமர்ந்திருக்க வேண்டும். மீட்டுகோல் அணியாமல் விரல்நுனியாலேயே அவர் மீட்டிய மெல்லிய நாதம் சிறிய கூடத்திற்கே உரியது. அக்கூட்டத்தைக் கச்சேரி என்பதா, பயிற்சி என்பதா என வரையறுப்பது அரிது. அவருடைய பேத்தியரான பிருந்தா, முக்தா, பாலசரசுவதி ஆகியோர் அவ்விசைச் சூழலில் வளர்ந்தே தம் கலையைப் பெற்றனர். அவ்வில்லத்தின் அளவே அவ்வாசிப்பின் அளவாயிற்று எனின் மிகையாகாது.

8. அண்மைக்கால மாற்றங்கள்

கடந்த சில பதிற்றாண்டுகளில் இச்சமநிலையை மூன்று மாற்றங்கள் பாதித்துள்ளன. முதலாவது, குடியிருப்பின் மாற்றம். முற்றமும் திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீடுகள் அடுக்குமாடி வீடுகளாயின. அடுக்குமாடியில் ஒரு வீட்டின் கூரை மற்றொரு வீட்டின் தளம். காற்றில் செல்லும் ஒலியோடு, சுவரிலும் தளத்திலும் பரவும் அதிர்வும் அயலாரை அடைகிறது. மிருதங்கமும் தபலாவும் தரையில் வைத்து வாசிக்கப்படுவன. அவற்றின் அதிர்வை அடைத்த கதவு தடுப்பதில்லை. மேலும், அருகில் வாழ்வோர் ஒருவர்க்கொருவர் அறிமுகம் இல்லாதோராயின், பழைய இசைவும் இல்லாது போகிறது.

இரண்டாவது, சட்டத்தின் வரம்பு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பன ஒலி அளவின் எல்லைகள். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. 2010இல் செய்யப்பட்ட திருத்தம், இரவில் பயன்படுத்தலாகாதவற்றின் வரிசையில் ஒலிபெருக்கியோடு இசைக்கருவியையும் சேர்த்தது. அரங்கு, சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்கு விலக்கு அளித்தது. தனியார் இடத்தின் எல்லையில் அவ்வொலி, அப்பகுதிக்கு உரிய அளவை 5 டெசிபெலுக்கு மேல் விஞ்சலாகாது என்றும் அது கூறுகிறது. இரவில் உறங்குவோர்க்கும் நோயாளர்க்கும் இவ்விதிகள் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மரபுவழிச் சாதகத்தின் சிறந்த வேளையாகிய காலை 4 மணி முதல் 6 மணி வரையிலான பொழுது, சட்டத்தின் கணக்கில் இரவாகிவிட்டது. ஊர்வலத்தின் ஒலிபெருக்கியும் ஒரு மாணவரின் குழலும் ஒரே விதியின்கீழ் வருகின்றன.

மூன்றாவது, கருவிகளின் மாற்றம். 1970களின் இறுதி முதல் பெங்களூரில் உருவாக்கப்பட்ட மின்னணுத் தம்புராக்களும் சுருதிப் பெட்டிகளும் விரைவில் நாடெங்கும் பரவின. அதற்குமுன் ஆசிரியர் பாடும்போது மாணவர் தம்புரா மீட்டுவார். மீட்டியவாறே மணிக்கணக்கில் கேட்பார். அக்கேள்வி கல்வியின் ஒரு பகுதியாயிருந்தது. பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும் கருவி தனித்துப் பயில்வோர்க்குப் பெருந்துணை; அதே வேளையில் உடன் அமரும் மாணவரின் இடம் குறைந்தது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் இணையவழி வகுப்புகள் பெருகின. அங்கே ஆசிரியர் பாடியபின் மாணவர் பாட இயலும். இருவரும் சேர்ந்து பாடுதல் அரிது. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். இணைய உரையாடலில் 100 மில்லி விநாடித் தாமதம் நேர்ந்தால், இருவரும் 34 மீட்டர் இடைவெளியில் அமர்ந்து தாளம் போடுவதற்கு அது ஒப்பாகும். சாதகம் இணையத்தில் இயலும். ஒத்திகை எளிதில் இயலாது.

நகரங்களில் இன்று ஒலி புகாச் சுவர்களைக் கொண்ட பயிற்சி அறைகள் மணிக்கணக்கு வாடகைக்குக் கிடைக்கின்றன. மின்னணு இசைக்குழுக்களுக்கு இவை பெரும்பயன் தருவன. கொல்கத்தாவில் 1977இல் நிறுவப்பட்ட ஐ.டி.சி. சங்கீத ஆய்வு அகாதெமி, ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து பயிலும் முறையை நிறுவன அமைப்பில் மீட்டெடுத்தது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் ஒலி புகா அறையில் ஒலி வெளியேறுவதும் இல்லை. தெருவில் செல்லும் சிறுவன் அங்கே எதனையும் கேளான். அவ்வழி செல்லும் ஆசான் எம்மாணவியையும் கண்டறியார். பிழை செய்யும் உரிமை அங்கே முழுமையாகக் கிடைக்கிறது; கேட்கும் செவி இல்லாமற் போகிறது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. இந்திய நகரங்களில் இசைப் பயிற்சி பெரும்பாலும் பிற பயன்களுக்குரிய இடங்களிலேயே நடைபெற்றது. அதனைக் குறிக்கும் சொற்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. அவ்விடங்களிலிருந்து கசிந்த ஒலி, குடும்ப மரபிற்கு வெளியே இசை பரவுவதற்கு ஒரு வாயிலாயிற்று. குடியிருப்பு, சட்டம், கருவி ஆகியவற்றின் மாற்றத்தால் அவ்வாயில் குறுகி வருகிறது.

இக்குறுக்கம் எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. தனி வீடும் வாடகை செலுத்தும் வசதியும் உடையவர் மாற்றிடம் தேடிக்கொள்வர். கடைமுன்றிலில் பயிலும் பேண்டு வாத்தியக் கலைஞர், ஓரறைக் குடியிருப்பில் வாழும் மாணவர், உரத்த கருவியை வாசிக்கும் நாகசுரக்காரர், தவில்காரர், பறையிசைப்போர் ஆகியோர்க்கே இடமின்மை முதலில் நேர்கிறது. எந்த இசை நகரில் நிலைக்கும், எது மறையும் என்பதை அரங்குகளின் எண்ணிக்கையைவிடப் பயிற்சியிடங்களின் கிடைப்பு மிகுதியாக முடிவு செய்யும் எனலாம்.

இதற்குப் பெருஞ்செலவில் புதுக்கட்டடங்கள் தேவையில்லை. மாலையிலும் விடுமுறையிலும் பூட்டிக்கிடக்கும் பள்ளி அறைகள், சமுதாயக் கூடங்கள், கோயில் மண்டபங்கள் ஆகியவற்றை வரையறுத்த நேரங்களில் பயிற்சிக்குத் திறந்துவிடுதல் இயலும். இரவில் பயன்படுத்துவதற்குச் சட்டத்தின் விலக்குப் பெற்ற மூடிய கூடங்களுள் சமுதாயக் கூடமும் ஒன்று என்பது இதற்குத் துணையாகும். ஆய்வுலகும் செய்ய வேண்டிய பணி உண்டு. ஒவ்வொரு நகரிலும் இசைவாணர் பயின்ற தெருக்கள், வீடுகள், கூடங்கள் ஆகியவற்றையும், அவற்றைக் குறிக்க அவர்கள் வழங்கும் சொற்களையும், மூத்த கலைஞர்கள் வாழும் காலத்திலேயே தொகுத்தல் வேண்டும். அரங்கின் அளவைக் கோல்கொண்டு அளந்து எழுதிய மரபு, மாதவி ஏழாண்டு பயின்ற இடத்தை எழுதாமல் விட்டது. அக்குறை இனியேனும் நிரப்பப்படுதல் நன்று.